பாலத்துக்கு அந்தப் பக்கம்

காடு என்றதும் புலியும் சிங்கமும் உங்கள் நினைவுக்கு வந்தால், குழந்தைகளே, இந்தக் கதை உங்களைக் கொஞ்சம் ஏமாற்றிவிடும். இது ஊருக்கு நடுவில் இருந்த காடு. ஒரு பக்கம் பேருந்துப் பணிமனை, மறு பக்கம் அடுக்குமாடி வீடுகளின் பின்புறம். இரண்டுக்கும் இடையில் ஓர் ஓடை. அதன் இரு கரையிலும் நாவலும் புங்கையும் மருதமும் நெருங்கி நின்றன. ஓடை அந்த மரங்களுக்குள் வளைந்து வந்து, சாலைப் பாலத்துக்கு அடியில் இரண்டு சிமெண்ட் குழாய்கள் வழியாக அந்தப் பக்கம் போனது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்துச் சத்தம் குறைந்திருக்கும். அப்போது விருப்பமுள்ள பிராணிகள் ஓடைக்கு வந்து வேலை செய்யும். கட்டாயம் இல்லை, கூலியும் இல்லை. ஆளுக்கு ஒரு பகுதி. தண்ணீரை மூடி வளரும் ஆகாயத்தாமரையை அகற்ற வேண்டும். மனிதர்கள் பாலத்திலிருந்து வீசும் பைகளைப் பொறுக்க வேண்டும். மரக்கன்றுகளைச் சுற்றி நெரிக்கும் கொடிகளை அறுக்க வேண்டும்.

விதி ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரும் யாரையும் தின்னக் கூடாது. இந்த விதி இல்லாமல் கீரியையும் எலியையும் ஒரே இடத்தில் வேலை செய்ய வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் கொக்கு வரும். மருத மரத்து உச்சியில் நின்றபடியே கீழே பார்த்து, யாருடைய பகுதி பளிச்சென்று இருக்கிறது என்று அறிவிக்கும். கொக்குக்கு உயரத்தில் நிற்கப் பிடிக்கும். இறங்கி வந்து பார்க்கப் பிடிக்காது. அதனிடம் பெயர் வாங்கியவர் வாரம் முழுவதும் நடு ஓடைப் பாறையில் வெயில் காயலாம்.

பாலத்தை ஒட்டிய கடைசிப் பகுதி கானாங்கோழியுடையது. வெள்ளை மார்பும் நீளக் கால்களுமாக அது நடக்கிற நடையே அவசர நடை. சுறுசுறுப்பில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. பாராட்டு என்றால் அதற்கு உயிர்.

அதற்கு அடுத்த பகுதி உடும்புடையது. உடும்பு எதையாவது பிடித்தால் விடாது. ஆனால் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். ஒரு தாமரைக் கொத்தை வாயால் கவ்வும், கரை ஏறும், நாவல் மரத்தையும் தாண்டிக் கொண்டுபோய், வேர் வெயிலைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போடும். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வரும். மதியத்துக்குள் ஏழெட்டுக் கொத்து போனால் பெரிய விஷயம்.

"அண்ணே, எதுக்கு இவ்வளவு கஷ்டம்?" என்று கானாங்கோழி கேட்டது. "லேசா ஒரு தள்ளு தள்ளினா ஓட்டமே இழுத்துட்டுப் போயிடுமே."

"தண்ணியில இருந்தா மறுபடி துளிர்க்கும், தங்கச்சி."

"அது பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே துளிர்க்கும்? நமக்கென்ன?"

உடும்பு அதற்குள் கரை ஏறத் தொடங்கியிருந்தது. வாயில் தாமரைக் கொத்து இருந்தது.

கானாங்கோழி சொன்னதைச் செய்தும் காட்டியது. காலால் ஓர் உதை, அலகால் ஒரு தள்ளு. தாமரைக் கூட்டம் ஆடி அசைந்து குழாய்க்குள் நுழைந்து மறைந்தது. அரை மணி நேரத்தில் அதன் பகுதி கண்ணாடி ஆனது. கொக்கு அதன் பெயரைச் சொன்னது. அடுத்த வாரமும் சொன்னது. மூன்றாவது வாரம் பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கானாங்கோழியைத் தேடி, பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தவளை வந்தது.

"உங்க தாமரை எல்லாம் எங்க பக்கம் வந்து அடையுது. மூச்சு விட மேலே வர எடம் இல்ல. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

"பாலம் வரைக்கும்தான் எங்க எல்லை, தவளையக்கா. அதுக்கப்புறம் நடக்கிறதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?"

தவளை திரும்பிக் குழாய்க்குள் குதித்துப் போய்விட்டது. கானாங்கோழிக்கு உள்ளுக்குள் லேசாக உறுத்தியது. ஆனால் பாறையில் வெயில் சுகமாக இருந்ததால் உறுத்தல் நீடிக்கவில்லை.

கெட்டிக்காரத்தனம் ஒருவரிடம் மட்டும் தங்குமா? தானும் பெயர் வாங்க நினைத்த கீரி ஒளிந்திருந்து பார்த்து வித்தையைக் கற்றுக்கொண்டது. கீரியைப் பார்த்து எலி, எலியைப் பார்த்து அணில். ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிறு, உடும்பைத் தவிர எல்லாரும் தங்கள் பகுதித் தாமரையைக் கீழே தள்ளினார்கள். அணில் அறுத்த கொடிகளையும் சேர்த்துத் தள்ளியது. எல்லாம் ஒரே பச்சைப் பாயாக மிதந்து கடைசிப் பகுதிக்கு வந்து சேர்ந்தது.

கானாங்கோழிக்குக் கோபம் வந்தது. ஆனால் யாரிடம் போய்க் கோபப்படுவது? வாயை மூடிக்கொண்டு அத்தனையையும் குழாய்களுக்குள் தள்ளியது. முதல் குழாய் நிரம்பி நின்றது. இரண்டாவதில் அமுக்கியது. அதுவும் நின்றது. மேலாகத் தெரிந்த கொஞ்சத்தையும் மிதித்து முக்கிவிட்டது.

கொக்கு மரத்திலிருந்து பார்த்தது. "அடடா, இன்னிக்கு எல்லாப் பகுதியும் அழகு. எல்லாருக்கும் பரிசு" என்றது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டதால், இறக்கையை விரித்துக்கொண்டு பணிமனைக் கூரைக்குப் போய்விட்டது.

இப்போது உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். கானாங்கோழியின் பகுதியில் ஒரு கோரைப் புதர் இருந்தது. அதற்குள், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே ஒரு கூடு. கூட்டில் ஐந்து முட்டைகள். இதை அது யாரிடமும் சொல்லவில்லை. கீரிக்கும் உடும்புக்கும் முட்டை என்றால் கொள்ளை ஆசை. ஞாயிற்றுக்கிழமை விதி திங்கட்கிழமை செல்லாது.

மழை கொட்டியது. போக வழியில்லாத தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஒரு சாண் இருந்த இடைவெளி நான்கு விரல் ஆனது. கானாங்கோழி குழாய் வாயில் போய் அலகால் இழுத்தது. ஓர் இலை வந்தது. மறுபடி இழுத்தது. இன்னோர் இலை வந்தது.

மேட்டில் ஒதுங்கி நின்ற கீரியிடம் ஓடியது. "குழாய் அடைச்சுக்கிச்சு. தண்ணி ஏறுது. கொஞ்சம் வாயேன்."

"என் பகுதியைப் பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு. கடைசிப் பகுதி உன்னுதுதானே?" என்றது கீரி.

மூன்று விரல்.

எலிக்கும் அணிலுக்கும் இதை இழுக்கும் பலம் கிடையாது. இனி இருப்பது உடும்பு மட்டும்தான். அதைக் கூப்பிட்டால் கூட்டருகே அழைத்து வர வேண்டும். முட்டைகளைத் தண்ணீருக்குக் கொடுப்பதா, உடும்புக்குக் காட்டுவதா? நாவல் மரத்தடியில் நனைந்துகொண்டிருந்த உடும்பின் முன்னால் போய் நின்றது கானாங்கோழி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. குழாயில் அமுக்கியதையும் சொன்னது. கூட்டில் முட்டை இருப்பதையும் சொன்னது.

உடும்பு கண்ணை மூடித் திறந்தது.

"இன்னிக்கு ஞாயிறு. நாளைக்குத் திங்கள். நாளைக்கு எனக்குப் பசிக்கும், தங்கச்சி. நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால கூடு எங்க இருக்குன்னு காட்டாத. முட்டை எத்தனைன்னும் சொல்லாத. குழாயை மட்டும் காட்டு."

இருவரும் குழாய் வாய்க்குப் போனார்கள். கோரைப் புதர் இருந்த பக்கம் உடும்பு திரும்பவே இல்லை. ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, "இங்கேருந்து இழுத்தா ஓட்டம் மறுபடி உள்ளே அமுக்கும். அந்தப் பக்கமாப் புகுந்து இழுக்கணும்" என்றது.

பாலத்தின் ஓரமாக ஏறி இறங்கி அந்தப் பக்கம் போனார்கள். குழாய் வாசலில் தவளை உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் ஒரே தாமரை. கானாங்கோழி இதுவரை இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அதற்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா, நான் அன்னிக்குப் பேசினது தப்பு. இப்ப குழாயைத் திறக்கலைன்னா என் முட்டை எல்லாம் போயிடும்."

தவளை சுற்றிலும் கிடந்த தாமரையை ஒருமுறை பார்த்தது. அப்புறம், "திறங்க" என்றது. "ஆனா வெளியே வர்றதை ஓட்டத்துல விடக் கூடாது. எனக்குக் கீழேயும் ஆளுங்க இருக்காங்க. ஒவ்வொண்ணையும் கரையேத்தணும்."

"ஏத்தறேன்."

"எல்லாத்தையும். பாதியில ஓடக் கூடாது."

"ஓட மாட்டேன்."

உடும்பு முதல் குழாய்க்குள் நுழைந்தது. சிமெண்டில் நகங்களை ஊன்றி, அடைத்திருந்த கொடியைக் கவ்வி இழுத்தது. அசையவில்லை. விடவும் இல்லை. வெகு நேரத்துக்குப் பிறகு உள்ளே ஏதோ நழுவியது. தண்ணீரும் தாமரையும் உடும்புமாக ஒன்றாக வெளியே வந்து விழுந்தன.

கானாங்கோழி பாய்ந்து ஒரு கொத்தைக் கவ்வியது. அப்பா, என்ன கனம். தள்ளும்போது தெரியாத கனம் இழுக்கும்போது தெரிந்தது. கரையேற்றிக் கவிழ்த்துவிட்டு ஓடி வந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது. உடும்பு இரண்டாவது குழாய்க்குள் நுழைந்தது.

பாலத்துக்கு அப்பால் கூட்டின் கதி என்ன என்று தெரியவில்லை. ஒரே ஒரு தடவை பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? கானாங்கோழி இறக்கையை விரித்தது. அப்போது ஒரு பெரிய கொத்து அதன் காலடியைக் கடந்து கீழே போகப் பார்த்தது. இறக்கையை மடக்கிக்கொண்டு அதைப் பிடித்து இழுத்தது. இழுக்கும்போது அழுதுகொண்டே இழுத்தது.

மழை விட்டபோது, குழாயிலிருந்து வந்ததில் ஒரு கொத்துகூட ஓட்டத்தில் மிச்சமில்லை. தவளை, "இப்ப போ. ஓடு" என்றது.

கூடு இருந்தது. அடிப்பக்கம் நனைந்து ஒரு புறமாகச் சாய்ந்திருந்தது. முட்டைகள் நான்கு. ஐந்தாவது சரிந்து தண்ணீரோடு போய்விட்டது. கானாங்கோழி ஒரு நாழிகை புதரைச் சுற்றிச் சுற்றித் தேடியது. பிறகு இருக்கும் நான்கின் மேல் உட்கார்ந்து, இறகுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது.

உடும்பு எங்கே என்கிறீர்களா? அது எதிர்க் கரையிலேயே நடந்து, ஓடை தொடங்கும் தலைப்பு வரை போய், சுற்றிக்கொண்டு வீடு சேர்ந்தது. மூன்று மடங்கு தூரம். கோரைப் புதர் கண்ணில் படாத வழி அது ஒன்றுதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை. தவளை கண்விழித்துப் பார்த்தபோது, கன்னங்கரேலென்று நான்கு குஞ்சுகள் பின்தொடர, கானாங்கோழி குழாய் வழியாக நடந்து வந்துகொண்டிருந்தது.

"என்ன இந்தப் பக்கம்?" என்று தவளை கேட்டது. "உன் பகுதியில வேலை இல்லையா?"

"இருக்கு. பாதிகூட முடியல."

"அப்ப அதை விட்டுட்டு இங்க எதுக்கு வந்த?"

கானாங்கோழி, முன்பு தான் தள்ளிவிட்டு இங்கே தண்ணீரில் அடைந்து கிடந்த தாமரையைப் பார்த்தது.

"இதுவும் என்னுதுதான், அக்கா. இங்க வந்து கிடக்குது" என்று சொல்லிவிட்டு, ஒரு கொத்தைக் கவ்விக் கரைக்கு இழுக்கத் தொடங்கியது.

நீதி: நம் இடத்துக் குப்பையை அடுத்தவர் இடத்துக்குத் தள்ளுவது சுத்தம் செய்வது ஆகாது.