ஜமீன்தாரின் கால்வலி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார் மரகதம், நான் மூத்தவளைப் பெற்று எழுந்த மாதத்தில்.

ஜமீன் கோயிலில் வாசல் பெருக்கும் செம்பாயி, பெருக்கிக்கொண்டே சாமியைப் பாடுவாள். "மழையே, தாய்மடியே, பசிக்குக் கிடைச்ச கஞ்சியே!"

ஒருநாள் ஜமீன்தார் விருத்தகிரி நொண்டிக்கொண்டே வந்து சீறினார். "சாமி கஞ்சியா? பொய்! அது மாதிரி, இது மாதிரின்னு இழுக்காம, சாமி எப்படி இருக்கும்னு நேராச் சொல்லு. இல்லேன்னா நாளையிலேருந்து இந்த வாசலை மிதிக்காதே."

செம்பாயிக்கு அந்த வாசலை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

"சொல்றேனுங்க. அதுக்கு முன்னே, காலுக்கு என்னங்க எசமான்?"

"அதை ஏன் கேக்குறே! கட்டைவிரல்ல நெருப்பை வெச்ச மாதிரி, நாய் கவ்வி இழுக்குற மாதிரி..."

செம்பாயி குனிந்து பார்த்தாள். "நெருப்பையும் காணோம், நாயையும் காணோமே. அப்ப வலி பொய்யுங்களா?"

"பொய்யா? ராத்திரி பூரா அழுதேன்டி! வேற எப்படித்தான் சொல்றது?"

"ஒத்தை விரல் வலியையே நேராச் சொல்ல முடியலீங்களே. அம்மாம் பெரிய சாமியை நான் எப்படிங்க சொல்லுவேன்?"

உள்ளே குருக்கள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். ஜமீன்தார் கீழே கிடந்த விளக்குமாற்றை அவரே எடுத்து நீட்டி, "பெருக்கு. பாடிக்கிட்டே பெருக்கு" என்றார்.

நீங்களும் இன்றைக்கு விளக்கேற்றும்போது, மனசுக்குப் பிடித்த ஒரு பேர் வைத்துச் சாமியைக் கூப்பிடுங்கள்.