பதினான்கு பரண்கள்

"என்னை உங்களோட நிக்க விடுவீங்களா?"

தணிகாசலம் வரப்பில் நின்றபடியே கேட்டான். சோளக்காட்டுக்குள் கால் வைக்கக் கூசியது.

வெள்ளச்சி மக்காச்சோளச் செடிகளுக்கு நடுவே இருந்தாள். இடுப்பில் கிழித்துச் செருகிய பழஞ்சேலைத் துண்டுகள். விதைக்கு ஆகும் செடியாகப் பார்த்து ஒரு துண்டைக் கட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போவாள்.

"எட்டு மாசமா எங்க இருந்தீங்க?"

"கீழ, ஆராய்ச்சிப் பண்ணையில."

"உடம்புக்கு ஏதாச்சுமா?"

"உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. ஊர் மூஞ்சியில முழிக்கத்தான் முடியல."

அவள் ஒரு முடிச்சை இறுக்கினாள்.

தணிகாசலம் பயிர் ரகங்களைத் தேர்ந்து மேம்படுத்துகிற விஞ்ஞானி. நான்கு வருஷத்துக்கு முன் முதல் தடவை மலையேறி வந்தபோது, "உங்க நாட்டுச் சோளத்தைத் தூக்கிப் போட வரல. உங்களோட சேர்ந்து அதையே நல்லாக்க வந்திருக்கேன்" என்றான். மனசாரத்தான் சொன்னான். மூன்று விதைப்புப் பட்டமும் அந்த மலையூரின் பதினான்கு வீட்டாரும் அவனோடு காடு காடாக நடந்தார்கள். நீளக் கதிர், பருத்த மணி பார்த்து விதை எடுத்தார்கள். விளைச்சல் ஒன்றரை மடங்கானது. ஊர் அவனுக்குக் கோழி அடித்துச் சோறு போட்டது.

போன கார்த்திகையில் பரணேற்றிய கதிர்களை மாசியில் இறக்கினார்கள். மாவு கொட்டியது.

நீளக் கதிரின் நுனியை மேலுறையான மட்டை மூடவில்லை. திறந்த வாய் வழியாக வண்டு இறங்கிவிட்டது. பதினான்கு பரணிலும் அதே கதைதான். சாப்பாட்டுச் சோளமும் போச்சு, விதைச் சோளமும் போச்சு.

சொல்லியனுப்பினார்கள், வந்தான். மாவுக் குவியல்களுக்கு முன்னால் நின்று, "இந்த வருஷம் ஈரம் ஜாஸ்தி" என்றான். மத்தியானப் பஸ்சில் மலையிறங்கிப் போனவன்தான்.

"ஈரம்னு சொன்னது பொய்ம்மா."

"தெரியும்."

"மட்டை வாய் மூடணும்னு முத வருஷமே நீங்க சொன்னீங்க. அதுக்கு நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"நீங்களே சொல்லுங்க."

 

"'மட்டையையா ஆக்கித் திங்கப் போறோம்?'னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"ஆமா. என் வீட்டுக்காரரும்தான் சிரிச்சாரு."

"எனக்குச் சொல்லிக் குடுங்க. இனிமே நீங்க சொல்றதுதான்."

வெள்ளச்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நோட்டு கொண்டாந்திருக்கீங்களா?"

"இருக்கு."

"உள்ள வாங்க. நான் துணி கட்டுற செடியை எழுதிக்கிட்டே வாங்க."

அந்தக் காடு முளைத்ததே ஒரு முறம் விதையில். பதினான்கு வீட்டுக் குப்பையையும் கிளறி, மட்டை மூடி வண்டு விழாமல் தப்பிய கதிர்களை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருந்தாள். ஊருக்கு மிஞ்சிய நாட்டுச் சோளம் அவ்வளவுதான்.

அவள் கதிரின் நீளத்தைப் பார்க்கவே இல்லை. நுனியை இரு விரலால் பிடித்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தால் துணி. தளர்ந்திருந்தால் நகர்ந்தாள்.

"பிடிச்சுப் பாருங்க."

பிடித்தான். விரலுக்குச் சட்டென்று புரிந்தது. ஆயிரக்கணக்கான கதிர்களை நாடா வைத்து அளந்திருக்கிறான். ஒன்றின் நுனியைக் கூடப் பிடித்துப் பார்த்ததில்லை. 

வரிசை வரிசையாக நடந்தார்கள். அவள் கட்டினாள், அவன் எழுதினான்.

காட்டின் கோடியில் எருக்குழி. அதை ஒட்டி ஆளுயரத்துக்கு மேல் ஒரு செடி, கரும்பச்சையாக, இரண்டு கதிரோடு நின்றது. மட்டை இறுக்கமாக மூடியிருந்தது. வெள்ளச்சி துணி கட்டினாள்.

தணிகாசலத்தின் பென்சில் நின்றது. குழியைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். எழுதினான்.

குழியின் மறு ஓரத்தில் அதே மாதிரி இன்னொன்று. அதிலும் கட்டினாள். அதையும் எழுதினான்.

வெள்ளச்சி வரப்பில் உட்கார்ந்தாள்.

"ஏதோ சொல்ல வந்தீங்க சார்."

"ஒண்ணுமில்லம்மா."

"பென்சில் நின்னுச்சே."

அவன் தரையைப் பார்த்தான்.

"அந்த ரெண்டும் எருக்குழி ஓரத்துச் செடி. பக்கத்துல போட்டிக்கு வேற செடியும் இல்ல. அந்தத் தெம்பு எருவோடதா, விதையோடதான்னு சொல்ல முடியாது. விதைக்கு எடுக்கக் கூடாது."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"நான் எந்த வாயால உங்களுக்குச் சொல்றது?"

வெள்ளச்சி கையிலிருந்த துணியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"மூணு பட்டமும் உங்க பின்னாடியே வந்து துணி கட்டினது யாரு?"

"நீங்கதான்."

"ஒவ்வொரு கதிரையும் நுனி பிடிச்சுப் பாத்துட்டுத்தான் கட்டினேன். வாய் தெறந்திருக்குன்னு தெரிஞ்சேதான் கட்டினேன்."

அவன் நிமிர்ந்தான்.

"ஒரு தடவ சிரிச்சுட்டாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். கெட்டாத்தான் இவங்களுக்குப் புத்தி வரும்னுகூட ஒரு நாள் நெனச்சேன்." அவள் குரல் இறங்கியது. "என் ரெண்டு புள்ளைங்களும் இப்ப கீழ செங்கச் சூளையில கெடக்குதுங்க. பரண் காலி, வேற என்ன பண்றது? நான் தெரிஞ்சே கட்டினதை இன்னும் ஊர்ல யாருக்கும் சொல்லல. மூஞ்சியில முழிக்க முடியலன்னு நீங்க மலையை விட்டு எறங்கிட்டீங்க. நான் எங்க எறங்குவேன்?"



தணிகாசலம் எருக்குழி ஓரம் போனான். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பி இரண்டு துணியையும் அவிழ்த்தான்.

திரும்பி வரும் வழியில் இன்னொரு செடி முன் நின்றான். அதிலும் அவள் துணி இருந்தது. அடித்தண்டை லேசாக அசைத்துப் பார்த்தான்.

"இதுவும் வேண்டாம்மா," என்றான். "வேர் பிடிப்பு இல்ல. காத்துக்குச் சாயும்."

"எது, அதுவா?" வெள்ளச்சி விருட்டென்று எழுந்தாள். "மட்டையைப் பிடிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க சார்!"