தேன் கொடுத்துக் கிழங்கு வாங்கிய கரடிகள்

ஏழு குன்றுகளுக்கு நடுவே ஒரு காடு. அங்கே மொத்தையன் என்ற கரடியும் அவன் மனைவி சடைச்சியும் வாழ்ந்தார்கள். அந்தக் கோடையில் அவர்கள் குகை நிறையத் தேன் சேர்ந்துவிட்டது. இருபது சுரைக்குடுக்கைகள்! ஆனால் மழை பிடித்தால் தேன் புளித்துவிடும். அதற்குள் அதைக் கொடுத்துக் கிழங்கு வாங்கினால்தான் மழைக்காலம் முழுக்க வயிறு நிறையும்.

மொத்தையன் பாறைமேல் ஏறி நின்றான். "சடைச்சி, யோசிச்சுட்டேன்! ஏழு குன்றிலும் நம்ம தேனைப் பத்தித்தான் பேச்சா இருக்கணும். தேன்னா மொத்தையன், மொத்தையன்னா தேன்!"

"கேட்கவே நல்லாயிருக்குங்க!" என்றாள் சடைச்சி. அவன் இப்படிப் பேசினால் அவளுக்கு எப்போதும் பெருமைதான்.

மறுநாளும் அவன் அதையே பேசினான். அதற்கடுத்த நாள் ஏழு குன்றுகளையும் நகத்தால் பாறையில் கீறி வரைந்தான். ஐந்து நாள் போயிற்று. ஒரு குடுக்கைகூட நகரவில்லை. மேற்கே மேகம் கறுத்தது. சடைச்சி அவன் அருகே வந்தாள்.

"ஏங்க, நாளைக்குக் காலையில எந்தக் குன்றுக்குப் போறீங்க?"

மொத்தையன் திருதிருவென்று விழித்தான். "அதை யோசிக்கலையே!"

"குன்றெல்லாம் இருக்கட்டும். முதல்ல ஆத்துத் துறைக்குப் போங்க. முப்பது இலையில ஆளுக்கு ஒரு சொட்டு கொடுங்க. எத்தனை பேர் தேன் வாங்கக் கிழங்கோட திரும்பி வர்றாங்கன்னு எண்ணுங்க."

மறுநாள் சாயங்காலம் அவன் துள்ளிக்கொண்டு வந்தான். "முப்பது பேரும் ஆகா, ஓகோன்னாங்க! குரங்குங்க கையே தட்டுச்சு!"

"கிழங்கு?"

"ஒண்ணே ஒண்ணுதான். ஊசியன்னு ஒரு முள்ளம்பன்றி கொண்டுவந்தார்." அவன் முகம் சுருங்கியது. "என் யோசனையே தப்போ?"

"யோசனையில தப்பில்லைங்க. இடம்தான் தப்பு. பாவம், குரங்கு கிழங்குக்கு எங்கே போகும்? வாங்க, அந்த ஊசியனையே கேட்போம்."

ஊசியன் சிரித்தார். "எங்க கூட்டமெல்லாம் களாப்புதர்ப் பக்கம்தான் கிடக்கு. களாக்காயைத் தின்னு தின்னு பல்லெல்லாம் கூசுது. அந்த நேரம் ஒரு சொட்டு தேன் கிடைச்சா உசிரே திரும்பி வரும்! கிழங்குக்கு என்ன, தோண்டுறதுதானே எங்க வேலை!"

கரடிகள் களாப்புதருக்கே போனார்கள். முப்பது இலைத் தேனும் தீர்ந்தது. பொழுது சாய்வதற்குள் பதினொரு பேர் கிழங்கோடு வந்து, இலை நிறையத் தேன் வாங்கிப் போனார்கள்! அடுத்த நாள் பதினாறு பேர்.

மொத்தையனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கிழங்கோடு வந்தவர்களைக் கணக்கு வைக்க, ஆளுக்கொரு கூழாங்கல்லை நாளுக்கொரு வரிசையாக அடுக்கினான். வரிசை குட்டையான நாளில் ஏன் என்று விசாரித்தான். கிழங்கு தோண்டும் காட்டுப்பன்றிகள் விடியலில்தான் அந்தப் பக்கம் வரும் என்று தெரிந்தது. தூக்கப் பிரியனான அவன், சேவல் கூவும் முன்பே எழுந்து ஓடினான்!

களாப்புதருக்குப் போகத் தொடங்கிய பத்தாம் நாள் மழை கொட்டியது. குகை கொள்ளாத கிழங்கு. ஒரே ஒரு குடுக்கைத் தேன்தான் மீதி. மொத்தையன் அதைத் திறந்து மனைவியிடம் நீட்டினான்.

"காட்டுக்கே கொடுத்தோம். நீ இன்னும் ஒரு சொட்டுகூட ருசி பார்க்கலையே, சடைச்சி!"

அவள் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டு, பாதியை அவன் பக்கம் தள்ளிவைத்தாள்.

யோசனை எவ்வளவு பெரிதானாலும், அதை நாளைக் காலையில் செய்யக்கூடிய சிறு வேலையாக்கி, பலனை எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்பவருக்கே அது கைகூடும்.