மின்மினிகள் நிறைந்த கூடு

குளக்கரைப் பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. கூட்டின் உட்சுவரில் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் ஒரு மின்மினியைப் பதித்து வைப்பது அவற்றின் வழக்கம். கட்டுவது ஆண்குருவி. உள்ளே குடியிருப்பது பெண்குருவியும் குஞ்சுகளும்.

அங்கே ஓர் ஆண்குருவிக்கு ஒரே குஞ்சு. "என் பிள்ளைக்கு எந்தக் குறையும் இருக்கக் கூடாது!" என்று அது சுவர் முழுக்க மின்மினிகளைப் பதித்தது. வாசலில் நத்தை ஓடுகளைக் கோத்துத் தொங்கவிட்டது. உள்ளே தாழம்பூ மடல்களைத் திணித்தது.

மைனா எட்டிப் பார்த்தது. "அண்ணே! இது கூடா, திருவிழாப் பந்தலா?"

ஆண்குருவிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் குஞ்சு சாப்பிடவில்லை. தாய் புழுவை நீட்டும்போது ஒரு மின்மினி பளிச்சிடும். குஞ்சின் தலை அங்கே திரும்பும். மறுபடி வாய் திறந்தால் ஓடுகள் கலகலக்கும். புழு கீழே விழும். தூக்கமும் இல்லை. மற்றக் கூடுகளில் குஞ்சுகள் சிறகடித்துப் பழகின. இது மட்டும் சுருண்டு கிடந்தது.

கூடு தொங்கிய ஓலையோ பழுத்து மஞ்சளாகியிருந்தது. அது விழுவதற்குள் குஞ்சு பறந்தாக வேண்டும்.

"சோம்பேறிப் பிள்ளை! இவ்வளவு செஞ்சு கொடுத்தும் பாரேன்!" என்று கத்தியது ஆண்குருவி.

"ஏங்க, கட்டினது நீங்கதான். ஒருநாளாவது உள்ளே இருந்தீங்களா?" என்றது பெண்குருவி. "இன்னைக்கு நீங்களே ஊட்டுங்க. எனக்குத் தலை வலிக்குது!"

வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு ஆண்குருவி உள்ளே போனது. காற்று அடித்தது. ஓடுகள் ஒன்றோடொன்று மோதின. இடப்பக்கம் பளிச்சிட்டது; வலப்பக்கம் பளிச்சிட்டது. தாழம்பூ நெடி தலைக்கு ஏறியது. அது திரும்பித் திரும்பிப் பார்த்தது. கடைசியில் அலகில் வெட்டுக்கிளி இல்லை!

"அப்பா, நீங்களும் கீழே போட்டுட்டீங்களா?" என்றது குஞ்சு.

ஆண்குருவி வாசலுக்குப் பாய்ந்தது. ஓடுகளை அறுத்தெறிந்தது. மடல்களை வெளியே தள்ளியது. மின்மினிகளைக் களிமண்ணிலிருந்து மெல்ல விடுவித்தது.

"நாங்க போகலாமா?" என்று கேட்டன மின்மினிகள்.

"போங்க. மன்னிச்சிடுங்க."

ஒரு கிழட்டு மின்மினி மட்டும் நகரவில்லை. "நான் இருக்கேன்பா. புள்ளைக்கு ஒரு வெளிச்சமாவது வேணும்ல?"

மைனா மறுபடி வந்தது. "என்னண்ணே, பந்தலைப் பிரிச்சாச்சா?"

"மெதுவாப் பேசு! பிள்ளை தூங்குது!"

தூங்கி எழுந்த குஞ்சு பாதிப் புழுவைத் தின்றது. மறுநாள் முழுப் புழு. பிறகு ஒரு சிறகை விரித்துப் பார்த்தது, அப்புறம் இரண்டையும்.

ஒரு காலையில் ஓலை முறிந்தது. கூடு குளத்தில் விழுந்தது. ஆண்குருவி பதறிப் பறந்து வந்தது.

பக்கத்து ஓலையில் குஞ்சு தள்ளாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் கிழட்டு மின்மினி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, பசிக்குது!" என்றது குஞ்சு.

பிள்ளைக்காக வீட்டை அலங்கரிப்பவர்கள், பிள்ளை இருக்கும் இடத்தில் தாங்களும் சற்று நேரம் இருந்து பார்க்க வேண்டும்.