விளிம்பு வரை

போதகர் வேதமுத்து கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றார். உருளை துருப்பிடித்துப் போயிருந்தது. வாளியைக் காணோம்.

இறையியல் கல்லூரியில் படித்த நாளில் இங்கேதான் பயிற்சி. ஆராதனையில் திராட்சரசம் கொடுக்கும் நற்கருணைப் பாத்திரத்தில் கிணற்றுத் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, வேப்பமரம் வரைக்கும் நடக்கச் சொல்வார் ஆசிரியர் ஞானாயுதம். சிந்தினால் மறுபடியும் கிணற்றடிக்கு வரவேண்டும். வேதமுத்து ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

"இவன் தூக்கிட்டுப் போறது பாத்திரத்துக்கே தெரியாதுடா" என்பார் ஆசிரியர். அந்த ஒரு வார்த்தையை வைத்தே பாதி ஊழியத்தை ஓட்டிவிட்டார் வேதமுத்து.

இப்போது அந்த வலது கை ஜிப்பாப் பைக்குள் இருந்தது. வெளியே எடுத்தால் ஆடும்.

ஓய்வுபெற்ற போதகர்களின் விடுதி பக்கத்திலேயே. ஞானாயுதம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பார்வை போய்விட்டது. காது மட்டும் பழைய காது.

"யாரு, வேதமுத்துவா? செருப்பத் தேச்சுத் தேச்சு நடக்கிறத இன்னும் விடலையா?"

"ஸ்தோத்திரம் ஐயா."

"உக்காரு. என்ன, குரல் செத்துக் கிடக்கு?"

"நாளைக்குப் பேராயரைப் பார்க்கப் போறேன். ஊழியத்தை விட்டுறலாம்னு இருக்கேன்."

"ஏனாம்?"

"கை நடுங்குது ஐயா. இனி நிக்காதுன்னுட்டார் டாக்டர்."

"நடுங்கட்டுமே."

"போன ஞாயித்துக்கிழமை திராட்சரசத்தைச் சிந்திட்டேன். ரூபியம்மா வெள்ளைச் சேலையில. பின்னால வந்தவங்க எல்லாம் பயந்துட்டாங்க. என் கையோட சேர்த்துப் பாத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடிச்சாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"கல்லறைத் தோட்டத்துச் சுவருக்காக உன்கூட முறைச்சுக்கிட்டுத் திரியறாரே, செல்லத்துரை. அவரு?"

"அவரும்தான்."

"ம்."

"பாத்திரத்தை ஏந்தத் தெரியாத போதகன் யாரு ஐயா? இனி நான் எதுக்கு?"

ஞானாயுதம் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"அடுக்களையில கருப்பட்டிக் காப்பி ஆறிக் கிடக்கும். எனக்கு ஒரு டம்ளர் கொண்டாயேன்."

வேதமுத்து கொண்டுவந்து கையில் வைத்தார். ஞானாயுதம் கனம் பார்த்தார்.

"ஏன் பாதி?"

"சிந்திரும் ஐயா."

"சிந்தட்டும். நிறைய ஊத்திட்டு வா."

"ஒரு சொட்டு கீழே விழக்கூடாதுன்னு நீங்கதானே ஐயா சொல்லிக் கொடுத்தீங்க?"

"கையும் காலும் கல்லு மாதிரி இருந்த பயலுவளுக்கு வேற என்னத்தச் சொல்லிக் கொடுக்க? போ, போ."

இரண்டாம் முறை அடுக்களையிலிருந்து ஜன்னல் வரைக்கும் தரையெல்லாம் சொட்டியது. கடைசியில் ஆசிரியரின் வேட்டியிலும் கொட்டியது. வேதமுத்து பதறிப்போய் அப்படியே நின்றார்.

டம்ளர் எங்கே இருக்கிறது என்று ஞானாயுதத்துக்குத் தெரியவில்லை. இரண்டு கைகளாலும் காற்றில் துழாவினார். விரல்களில் வேதமுத்துவின் கை தட்டுப்பட்டது. டம்ளரோடு சேர்த்து அதைப் பொத்திக்கொண்டார். நடுக்கம் நிற்கவில்லை. அவர் கையிலும் ஏறி ஆடியது. அப்படியே வாயருகே இழுத்து, சத்தம் வர உறிஞ்சிக் குடித்தார்.

குடித்த பிறகும் கையை விடவில்லை.

"வேதமுத்து, கை ஆடாத காலத்துல செல்லத்துரை உன் கையைத் தொட்டிருக்காரா?"

வேதமுத்து தன் கையைப் பொத்தியிருந்த அந்த விரல்களைப் பார்த்தார்.

"நான் தொட்டிருக்கேனா?"

வெளியே வேப்பமரம் அசைந்தது.

"பேராயர்கிட்ட என்ன ஐயா சொல்லட்டும்?"

ஞானாயுதம் காலி டம்ளரை அந்த வலது கைக்குள்ளேயே அழுத்தினார்.

"பாதி என் வேட்டிதான் குடிச்சிருக்கு. இன்னொரு டம்ளர் கொண்டா. விளிம்பு வரை."