இடது கைக்கு எண்ணெய்

"டீச்சர், இந்தத் துடுப்புக்கு எதுக்கு ரெண்டு முனையிலயும் பலகை?"

கயாக் படகைக் கவிழ்த்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி சாத்தப்பன் கேட்டார்.

அவர் காரைக்குடியில் மெஸ் நடத்துகிறவர். வயது ஐம்பத்தெட்டு. டீச்சர் பிரகாசிக்கு முப்பதுகூட ஆகவில்லை. தொண்டிக்குத் தெற்கே, அலையாத்திக் காட்டை ஒட்டிய கழிமுகத்தில் கயாக் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள்.

கவிழ்ந்தவர் கோபம் ஆறட்டும் என்று விட்டுவிட்டாள்.

கோபம் ஆறுவதாக இல்லை. ஒரு பலகை தண்ணீரில் மாடாக உழைக்கிறது, மற்றது ஆகாயத்தில் சும்மா நிற்கிறது, நிற்பதோடு போகாமல் காற்றை வாங்கிப் படகையே சாய்க்கிறது, இப்படி ஒரு தண்டச்சோறு தேவையா என்பது அவர் கட்சி.

"அது சும்மா நிக்கலைங்கய்யா. அடுத்து இறங்கறதுக்குத் திரும்பிக்கிட்டிருக்கு."

"எங்க திரும்புது? நான் பார்த்ததே இல்லையே."

பிரகாசி சிரித்துவிட்டாள். பிறகு, பல ஞாயிறுகளாகச் சொன்னதையே மறுபடியும் சொன்னாள். இரண்டு பலகைகளும் ஒரே பக்கம் பார்க்காது. ஒன்று நிமிர்ந்து தண்ணீரைத் தள்ளும்போது மற்றது படுத்துக்கொண்டு காற்றைக் கிழிக்க வேண்டும். அதற்குத் தண்டு ஒவ்வொரு வீச்சுக்கும் சுழல வேண்டும். வலது கை பிடித்துத் திருப்பும். இடது கை சும்மா ஏந்திக்கொண்டு, சுழல விட வேண்டும்.

"விட்டுத்தானே பிடிக்கிறேன்" என்றார் சாத்தப்பன். ஒவ்வொரு ஞாயிறும் இதையேதான் அவரும் சொன்னார்.

கயாக்கைக் கரைக்கு இழுத்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். அவர் மணலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

இன்றைக்கு மனசே சரியில்லை என்றார்.

மகள் நாச்சம்மைக்குச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிறாளா இல்லையா என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும். வீட்டில் இருப்பது அப்பாவும் மகளும் மட்டும்தான். அவள் போனால் மெஸ்ஸை இழுத்து மூடிவிட வேண்டியதுதான். மெஸ் போனால் போகட்டும், ஆளில்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவது என்றுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"எதுக்குப் போறேங்கிறாங்க?"

"அவளை எதுவும் செய்ய விடமாட்டேங்கிறேனாம். அடுப்பையே அவகிட்டதான் கொடுத்திருக்கேன் டீச்சர். குழம்பு அவதான் வைக்கிறா. நான் பக்கத்துல நிக்கிறேன். உப்பு பார்ப்பேன். புளி பத்தாதுன்னா கொஞ்சம் ஊத்துவேன். தீயைக் குறைப்பேன். அவ்வளவுதான்."

ஞாயிறுதோறும் அவரை இங்கே அனுப்பிவைப்பதும் நாச்சம்மைதான். ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று காரணம் சொல்லியிருந்தாள்.

"கையைக் காட்டுங்க" என்றாள் பிரகாசி.

காட்டினார். வலது உள்ளங்கை நன்றாகத்தான் இருந்தது. இடது உள்ளங்கையில் விரலுக்கு விரல் கொப்புளம்.

பிரகாசி கொட்டகைக்குள் போய், தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தாள். கொப்புளத்துக்குப் போடப்போகிறாள் என்று நினைத்து அவர் கையை நீட்டினார்.

அவள் துடுப்பை எடுத்தாள். தண்டின் இடது பாதி முழுக்க எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தடவினாள்.

"என்ன டீச்சர் இது. எப்படிப் பிடிக்கிறது?"

"பிடிக்க முடியாது."

"காத்து வேற அடிக்குது."

"ஆமா. போயிட்டு வாங்க."

கவிழ்ந்தால் பிடிக்க ஏதுவாக அவளும் தன் கயாக்கை இறக்கினாள். சாத்தப்பன் வேண்டாவெறுப்பாக ஏறி உட்கார்ந்தார். மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டுதான் முதல் வீச்சைப் போட்டார்.

இடது கை வழுக்கியது. பழக்கதோஷத்தில் இறுக்கினார். இறுக்க இறுக்க இன்னும் வழுக்கியது. நாலைந்து வீச்சுக்குப் பிறகு அந்தக் கை தோற்றுப்போய், தண்டைச் சும்மா தாங்கிக்கொண்டு கிடந்தது.

தண்டு உள்ளங்கைக்குள் ஒருமுறை புரண்டது.

இடது பலகை தண்ணீரில் நேராக இறங்கியது. படகு முன்னால் பாய்ந்தது. மேலே இருந்த பலகை படுத்துக்கொண்டு போனது. காற்று அதைத் தொட்டதாகவே தெரியவில்லை.

அவர் அலையாத்தி மரங்கள் வரை போனார். திரும்பியும் வந்தார். கவிழவில்லை.

கரையேறிய பிறகு வெகுநேரம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை நாளும் நான்தான் அதைத் திரும்ப விடலையா டீச்சர்?"

பிரகாசி அவருடைய கயாக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்போது அவர் போன் அடித்தது. நாச்சம்மை. குரலில் பதற்றம். பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டுத் திரும்புகிற ஒரு கூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸோடு மெஸ்ஸுக்கு முன்னால் வந்து இறங்கிவிட்டது. எல்லாருக்கும் கறிச் சோறு வேண்டுமாம். காலையில் வாங்கிய கறி கால்வாசிப் பேருக்குக்கூட வராது.

"என்ன செய்யட்டும் அப்பச்சி?"

சாத்தப்பன் வாயைத் திறந்தார். எந்தக் கடைக்கு ஆள் அனுப்புவது, எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது, எவரை எங்கே உட்கார வைப்பது, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

வாயை மூடினார். மறுபடியும் திறந்தார்.

"உனக்கு என்ன தோணுது ஆத்தா?"

நாச்சம்மை தயங்கித் தயங்கிச் சொன்னாள். கறியைச் சுக்காவாகச் சுருக்கி ஆளுக்குக் கொஞ்சம் வைத்துவிட்டு, அரிசி கழுவிய தண்ணீரில் கத்தரிக்காய் மண்டியும் முட்டைக் குழம்பும் வைக்கலாம் என்று இருக்கிறாள்.

கறிக் கூட்டத்துக்கு மண்டியா என்று அவருக்கு உள்ளே கொதித்தது. பொறுத்துக்கொண்டார்.

"அப்படியே செய்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"அப்பச்சி" என்றாள் நாச்சம்மை. பயந்துபோன குரல். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"