வேலி வெட்டிய தேசம்மா

அந்தக் காலத்தில் ஆமையும் காற்றும் மனிதரோடு பேசும். சென்னை அப்போது நகரமாகியிருக்கவில்லை. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே, கடலை ஒட்டிய மணலில் நாற்பது மீனவக் குடிசைகள் இருந்தன, அவ்வளவுதான். கடல் உள்ளே வந்துவிடுமோ என்று பயந்து கரை நெடுக முள்தாழையை வேலியாக வளர்த்திருந்தார்கள். கட்டுமரம் இறக்க வளைந்து போகும் ஒரு சந்து மட்டும் உண்டு.

அங்கே மேற்கிலிருந்து நிலக்காற்று மட்டுமே வீசும். விடியலில் அது கட்டுமரங்களைக் கடலுக்குள் தள்ளிவிடும். திரும்பக் கொண்டுவரக் காற்று கிடையாது. கை ஓயத் துடுப்புப் போட வேண்டும். ஒரு பங்குனியில், கடலுக்குப் போன ஏகாம்பரம் இரண்டு நாளாகியும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை அவன் மனைவி தேசம்மா கரைக்குப் போனாள். முட்டையிட வந்த ஆமை ஒன்று தாழை வேலியில் சிக்கிக் கிடந்தது. முள்ளை விலக்கி அதை வெளியே எடுத்தாள்.

"உனக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று ஆமை கேட்டது.

"எம் புருஷனைக் கரை சேர்க்க ஒரு காத்து வேணும். அப்படி ஒரு காத்து கடலுக்குள்ள இருந்தா கூட்டிட்டு வா."

ஆமை போய், மறுநாள் விடிந்ததும் திரும்பி வந்தது. "கடற்காற்றைப் பார்த்தேன். 'எத்தனையோ தடவை வந்தேன், முள் என்னைக் கிழித்தது. வழி விட்டால் வருகிறேன்' என்றது. வெகுதூரம் வர வேண்டும், உச்சி வெயில் தாண்டித்தான் வந்து சேருமாம்."

தேசம்மா ஊர்த்தலைவர் நாகமுத்துவிடம் ஓடி, ஆமை சொன்னதைச் சொன்னாள்.

"மாமா, வேலியை வெட்டணும்."

"வெட்டினா கடல் உள்ள வந்துடும்மா. ஒருத்தனுக்காக நாப்பது குடும்பத்தைத் தண்ணில விட முடியுமா?"

"அப்ப என் வீட்டுக்கு நேரா இருக்கறதை மட்டும் வெட்டிக்கிறேன். தண்ணி வந்தா முதல்ல என் வீடு போகட்டும்."

அவர் சம்மதிக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

உச்சிப்பொழுது வரை அவள் தனியாக வெட்டினாள். கைகளில் ரத்தம் வழிந்தது. கடைசித் தாழை சாய்ந்ததும் அலை ஒன்று ஏறி வந்து அவள் வாசலை நனைத்தது. வேலியோரம் கூடியிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். அலை திரும்பிப் போய்விட்டது.

பிறகு அவள் முகத்தில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. வெட்டிய இடைவெளி வழியே கடற்காற்று கரையேறியது. சிறிது நேரத்தில் கடலின் விளிம்பில் ஒரு புள்ளி தெரிந்தது. அது பாய் விரித்த கட்டுமரம். ஏகாம்பரம் உதடு வெடித்துப் போய், எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். தேசம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவனைத் தாங்கிப் பிடித்தாள்.

"துடுப்பு கைய விட்டுப் போச்சு. தானா வந்துச்சு இந்தக் காத்து," என்றான்.

நாகமுத்து அரிவாளை எடுத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கத்து வேலிக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் கரை முழுக்கத் திறந்துவிட்டது.

காற்று குடிசைகளைத் தாண்டி, மேற்கே இருந்த சின்ன மலை வரை போயிற்று. அங்கே வெயிலில் வாடியவர்கள் அது வரும் திசையைத் தேடி நடந்து வந்தார்கள். வேலி இல்லாத ஊரில் யார் நீ என்று அவர்களை யாரும் நிறுத்தவில்லை. வந்தவர்கள் தங்கினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள்.

அன்று முதல்தான் சென்னையில் உச்சி வெயில் தாண்டியதும் கடற்காற்று கரையேறுகிறது; எந்த ஊர்க்காரரானாலும் சாயங்காலம் அந்த அகன்ற மணலில் போய், யாரையும் கேட்காமல் உட்கார்ந்துகொள்கிறார்.